சரிபாதிக் கலவை

கண்ணாடிக் குழாயைச் சாய்த்தபோது இரத்தம் இன்னமும் தண்ணீராக ஓடியது. இந்நேரம் அது கூழாகக் கெட்டிப்பட்டு, கவிழ்த்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

பெகாயிம் அதை மறுபடி வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தினாள். நாரின் என்ற ஊரின் மலைப்பக்கத்துச் சின்ன மருத்துவமனை அது. மதியத்திலேயே இருட்டியிருந்தது, பனி சன்னலையும் கணவாய்ச் சாலையையும் சேர்த்தே மூடிவிட்டது, ஆய்வகத்தின் நிலக்கரிப் புகைக்கும் ஸ்பிரிட்டுக்கும் அடியில் இன்று இன்னொரு வாடை, ஈர இரும்பை நக்கியதுபோல, கதவிடுக்கு வழியே வந்துகொண்டேயிருந்தது.

கதவுக்கு வெளியே பெஞ்சில் சுயுன்பாய் இருந்தார். மேட்டு மேய்ச்சல்காட்டு ஆள். பல் பிடுங்கிய இடத்தில் இரத்தம் நிற்கவில்லை என்று வந்தவர். வாயில் திணித்த துணி ஊறிக் கறுத்திருந்தது.

"இன்னும் எவ்ளோ நேரம் என் ரத்தத்த வச்சு வெளையாடப் போற, தங்கச்சி?"

"உறையறதுக்கு வேண்டியது எதுவோ உங்க ரத்தத்துல இல்லண்ணே. நல்ல ரத்தத்தோட பாதிக்குப் பாதி கலந்தா தெரிஞ்சிடும்."

"யாரு ரத்தம்?"

"என்னோடதுதான். இந்த லேப்ல வேற யாரு இருக்கா?"

துணிக்குப் பின்னால் அவர் சிரித்தார். "அப்பச் சீக்கிரம் கலக்கு."

தன் இடது கையில் தானே ஊசி குத்தி எடுத்தாள். தனியாக வைத்த தன் இரத்தம் சீக்கிரமே உறைந்து இறுகியது. அதைப் பார்க்க நிம்மதியாக இருந்தது. இருவரின் மீதி இரத்தத்தையும் இயந்திரத்தில் சுழற்றி, மேலே தெளிந்த நீரை எடுத்துச் சரிபாதி கலந்து, உறையவைக்கும் மருந்து விட்டு, வெந்நீரில் மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். உறையவில்லை. அப்படியானால் அவர் இரத்தத்தில் குறை எதுவும் இல்லை. ஏதோ ஒன்று கூடுதலாக இருக்கிறது. உறைய விடாமல் எதிர்த்து நிற்கிறது.

அதுவும் நடப்பதுதான். படித்திருக்கிறாள்.

அப்போதுதான் தன் குழாயைப் பார்த்தாள். இறுகியிருந்த கட்டியின் ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு. கசிந்தது. அவள் தொடவில்லை. கட்டி தளர்ந்தது. கரைந்தது.

தண்ணீராக ஆடியது.

முழங்கை மடிப்பில் சூடு. பஞ்சு நனைந்திருந்தது. புதுப் பஞ்சு வைத்து அழுத்தினாள். அதுவும் நனைந்தது.

"எனக்கு நின்னுடுச்சு," என்றது வெளியே குரல். தெளிவாக. வாயில் துணி இல்லை.

அவள் கைப்பிடியைத் திருப்பித் தள்ளினாள். கதவு அசையவில்லை.

"அண்ணே, கதவ விடுங்க."

"போன குளிர்காலத்துல ஒருத்தியும் இப்படித்தான் கெஞ்சினா. பொறு. ரொம்ப நேரம் ஆகாது."

"துர்சுனாய் அக்கா," என்று முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்த வார்டு நர்ஸைக் கத்திக் கூப்பிட்டாள். பனி அந்தச் சத்தத்தை விழுங்கியது.

இரத்தம் விரல் வழியே தரையில் சொட்டியது. இந்த அறையில் கொட்டும் தண்ணீர் எப்போதும் சன்னல் பக்கம்தான் ஓடும். இது திரும்பியது. கதவை நோக்கி ஓடியது. ஒற்றைக் கோடாக, அவசரமில்லாமல், கதவுக்கு அடியில் நுழைந்தது.

அங்கே இரண்டு கால்களின் நிழல்.

அந்தப் பக்கம் அவர் மெதுவாக மண்டியிடும் சத்தம் கேட்டது.