பார்வைத் தூரம் நான்கு கிலோமீட்டர்

கிட்டே இருந்த கம்பம் தெரியவில்லை, எட்டத்தில் இருந்தது தெரிந்தது. அதுதான் ரைகானுக்கு முதலில் உறுத்தியது.

இர்த்திஷ் ஆற்றங்கரைப் பைன் காட்டை ஒட்டிய அந்த வானிலை நிலையத்தின் முற்றத்திலிருந்து ஐம்பது, இருநூறு, ஐந்நூறு மீட்டர் என்று தூரம் அளந்து கம்பங்கள் நட்டிருந்தார்கள்; கிலோமீட்டர்க் கணக்குக்குத் தூரத்துக் குன்றுகளே அடையாளம். மூன்று மணி நேரத்துக்கொரு முறை வெளியே வந்து, எதுவரை கண்ணுக்குத் தெரிகிறதென்று பார்த்து எழுதி, நகரத்துக்குச் சொல்ல வேண்டும். பட்டப்பகல் பன்னிரண்டு மணி, வெப்பம் நாற்பத்தொன்று, ஆனால் காட்டுத்தீயின் புகையில் பொழுது சாய்ந்தாற்போல் மங்கிக் கிடந்தது. நாக்கில் எரிந்த பிசின் கசந்தது, தூரத்தில் மரங்கள் படபடவென்று வெடிக்கும் சத்தம் ஓயாமல் வந்துகொண்டே இருந்தது. இருநூறு மீட்டர்க் கம்பம் புகைக்குள் போய்விட்டது. அதற்கும் அப்பால், ஐந்நூறில், ஓர் ஆள் தெளிவாக நின்றிருந்தான்.

"தூங்கி நாலு நாளாச்சு, கண்ணு என்னத்தைத்தான் காட்டாது" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மாற்று ஆள் வரவேண்டிய நகரச் சாலையைத் தீ அடைத்ததிலிருந்து எல்லா முறையும் அவள் தலையில்தான். உடம்பு அடித்துப்போட்டதுபோல் வலித்தது.

அன்று காலை ஆறு மணிக்கு அவள் வெளியே போகவில்லை. மேசையில் கவிழ்ந்தபடியே, நேற்றைய எண்ணைப் பார்த்துப் பதிவேட்டில் நான்கு கிலோமீட்டர் என்று எழுதிவிட்டாள். எந்த நிலையத்தில் யார் செய்யாத காரியம்? ஏழு மணி வானொலியில் அதை வைத்துத்தான் முன்னறிவிப்பு வந்தது: வெப்பம் கூடும், புகை மெலியும், காட்டுச்சாலை திறந்திருக்கும். நிலையத்திலேயே அவளோடு குடியிருந்த, வனக்காவலனான அவள் கணவன் தோலேகென் பால்தேநீரை நின்றபடியே குடித்துவிட்டு ஜீப் சாவியை எடுத்தான்.

"இன்னைக்குப் போகாதீங்களேன்."

"அட, நம்ம வீட்டு வானிலையே நல்லதா சொல்லுது, அப்புறம் என்னடி பயம்? என் பொண்டாட்டி பொய்யா எழுதுவா?"

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. வெட்கத்தில் விழுங்கிவிட்டாள். ஒன்பது மணிக்கும் வெளியே போகாமல் அதே நான்கைத்தான் எழுதினாள்.

இப்போது பன்னிரண்டு மணிக் கணக்குக் கேட்டுத் தொலைபேசி அடித்தது. நகர அலுவலகத்து ஒராஸ்.

"அக்கா, எவ்வளவு தூரம் தெரியுது? சீக்கிரம் சொல்லுங்க, இங்க தலை வெடிக்குது."

உண்மையைச் சொன்னால் காலையில் எழுதியதும் அம்பலமாகும். வேலை போகும்.

"நாலுதான்."

"பொழைச்சேன். அப்போ காட்டுக்குள்ள போனவங்களைத் திருப்பிக் கூப்பிட வேண்டாம்."

மூன்று மணிக்கு வந்து பார்த்தபோது அந்த ஆள் இருநூறில் நின்றான். பச்சைச் சீருடை. ஒரு தோள் இறங்கிய நிற்பு. தோலேகென்! அப்பாடா, வந்துவிட்டான்.

"வாங்க! ஏன் அங்கயே நிக்கிறீங்க?"

அவன் அசையவில்லை. ஓடினாள். ஐம்பது மீட்டர்க் கம்பத்தைத் தாண்டியும் ஓடினாள். அவன் அதே தூரத்தில்தான் இருந்தான். முடி பொசுங்கும் நாற்றம் வந்தது. திரும்பிப் பார்க்காமல் நிலையத்துக்குள் ஓடிவந்து கதவைச் சாத்தினாள்.

தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா... உட்கார்ந்துக்குங்க. காட்டுச்சாலையில மச்சானோட ஜீப் கிடைச்சுது."

"அவர் இங்கதான் இருக்கார்."

"இல்லக்கா. காலையில எட்டு மணிக்கே எரிஞ்சிருக்கு. உள்ளேயே இருந்திருக்கார். புகையில வழி தெரியலை போலிருக்கு."

ஜன்னல் வழியே பார்த்தாள்.

ஐம்பது மீட்டர்க் கம்பம். அதன் அருகே அவன். சீருடை இருந்தது. முகம் இல்லை.

கண்ணைக் கசக்கினாள். கம்பத்தருகே யாருமில்லை.

வாசல் பலகை முனகியது. பூட்ஸைத் தேய்க்கும் சத்தம். இரண்டு தரம். வீட்டுக்குள் வரும்போது அவன் எப்போதும் தேய்ப்பதுபோல.

கதவு திறக்கவில்லை. அறைக்குள் அனல்.

"அக்கா? இருக்கீங்களா? இப்பவாவது நிஜமாச் சொல்லுங்க. எவ்வளவு தூரம் தெரியுது?"

"கை எட்டுற தூரம்தான்" என்றாள் ரைகான்.

பதிவேட்டில் அவள் எழுதிய நான்கின்மேல் கரிந்த விரலொன்று வந்து அழுந்தியது. தாள் மெல்லப் பழுப்பாகத் தொடங்கியது.