பொத்தான் டப்பாவில் ஒரு மஞ்சள் கல்

"இந்த டாலர்ல இருந்த ஊதாக்கல்லை யாருக்கு வித்தீங்க? நாளைக்கு நான் வெளியூர் வேலைக்குக் கிளம்பிடுவேன். இன்னிக்காவது சொல்லுங்க சித்தி!"

காப்பித் தம்ளருக்குப் பக்கத்தில் அந்த வெள்ளி டாலரைத் தொப்பென்று வைத்தாள் பெண். நடுவில் கல் இல்லை. நான்கு கொக்கிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. சித்தி ஈரத் துணியால் மேஜையைத் துடைக்கத் தொடங்கினாள். அப்பா செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். அந்த மனிதருக்கு வாய் இருப்பதே சாப்பிடத்தான்!

சுவரிலிருந்த படத்தில் சித்தியின் செத்துப்போன அக்கா, பெண்ணைப் பெற்றவள், சிரித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் அதே டாலர், அதில் ஊதாக்கல். இருபது வருடமாக அந்தக் கண்கள் சித்தியைச் சமையலறை வரை துரத்துகின்றன. சில விடியற்காலைகளில் வீட்டுக்குள் புகை நெடி அடிக்கும். ஓடிப்போய் அடுப்பைப் பார்ப்பாள். அணைந்துதான் இருக்கும். "என்னக்கா, மறுபடியும் வந்துட்டியா?" என்று படத்திடம் முணுமுணுப்பாள்.

அக்காவின் குழந்தைக்காகவே அக்கா புருஷனுக்குக் கழுத்தை நீட்டியவள் அவள். தனக்கென்று ஒரு பிள்ளை வேண்டாம் என்றே இருந்துவிட்டாள். என்ன பிரயோசனம்? வளர்த்த பெண் கொடுத்த பட்டம், திருடி! போதாததற்கு மகாக் கஞ்சம் என்றும் பெயர். கரண்ட் போனால் இந்த வீட்டில் ஒரு மெழுகுவத்தி ஏற்ற விடமாட்டாள். திரும்ப வரும்வரை எல்லோரும் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"சொல்லமாட்டீங்க இல்ல? சரி. புதுக் கல் வாங்கிப் பதிச்சுக்கறேன். ஊதா வேணாம், அது எங்கம்மாவோட போகட்டும். மஞ்சள்ல வாங்கறேன். நீங்களே வந்து எடுத்துக் குடுங்க. உங்க கையால போன கல்லு, உங்க கையாலயே வரட்டும். அதுக்கப்புறம் இந்த வீட்டுப் படியை மிதிக்கமாட்டேன்!"

உண்மையைச் சொன்னால் பெண் தாங்கமாட்டாள். சொல்லாவிட்டால் பெண்ணே இல்லை. சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

நகைக்கல் கடையில், கடைக்காரம்மா கறுப்புத் துணியில் சிட்ரின் என்கிற மஞ்சள் கற்களைப் பரப்பினாள். எல்லாம் பட்டை தீட்டியவை. பெண்ணின் விரல் நேராக அடர்ந்த செம்மஞ்சள் கல் ஒன்றுக்குப் போனது. அடுப்புக் கங்கு மாதிரி தகதகத்தது அது.

"அது வேணாம்!" சித்தி அவள் கையைத் தட்டிவிட்டாள். "நெருப்புல போடாத கல்லாக் காட்டுங்கம்மா. மண்ணுக்குள்ளயே மஞ்சளாப் பிறந்ததா..."

"அட, விவரமானவங்கதான்!" கடைக்காரம்மா சிரித்தாள். "அது ஊதாக்கல்லைச் சுட்டதும்மா. நல்லா சூடு பட்டா ஊதா போய் மஞ்சளாயிடும். இயற்கையிலயே மஞ்சள்னா இப்படி வெளிறித்தான் இருக்கும்." இடுக்கியால் ஓர் இளமஞ்சள் கல்லை எடுத்து வைத்தாள்.

சித்தி அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரிசல் இல்லை, முனை உடையவில்லை. பட்டைக்குப் பட்டை வெளிச்சம் ஓடியது.

"இதான்டி. வெள்ளியில எடுப்பா இருக்கும். நெருப்பையே பார்க்காத கல்லு..." குரல் உடைந்தது.

பெண் கல்லைப் பார்க்கவில்லை. சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூடு பட்டால் ஊதா மஞ்சளாகுமா? சித்தி அவளை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அடித்திருக்கிறாள். சின்ன வயதில் பொத்தான் டப்பாவிலிருந்து ஒரு மஞ்சள் கண்ணாடித் துண்டை எடுத்து விளையாடியதற்காக!

வீடு வந்ததும் பெண் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தாள். பொத்தான்கள் தரையெங்கும் உருண்டன. நடுவே அந்த மஞ்சள் கல். டாலரில் வைத்து அழுத்தினாள். நான்கு கொக்கிக்குள்ளும் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது.

"எங்கம்மா ஜுரத்துல சாகலை... இல்ல?"

சித்தி சுவரோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். "இல்லடி கண்ணு... பழைய வீட்டுல ஒரு நாள் கரண்ட் போச்சு. அக்கா மெழுகுவத்தி ஏத்தினா. திரைச்சீலை பிடிச்சுக்கிச்சு. உன்னை ஜன்னல் வழியா, வெளிய நின்ன என் கையில குடுத்துட்டா. அவளால வெளிய வர முடியலை... சாம்பல்ல இந்த டாலர் கிடைச்சுது. கல்லு மஞ்சளாயிருந்தது. நீ பார்த்தா கேப்பே, என்ன பதில் சொல்லுவேன்? பிடுங்கி ஒளிச்சு வெச்சேன்."

"இதை மறைக்கவா திருடிங்கற பேரைச் சுமந்தீங்க? ஏன் சித்தி?"

அப்பா எழுந்தார். "போதும்... இன்னும் எத்தனை நாள் நீ சுமப்பே? அந்த மெழுகுவத்தியைத் தட்டிவிட்டது..."

"காத்து!" புருஷனைப் பார்த்துச் சித்தி கத்தியது அதுதான் முதல் தடவை. "ஜன்னல் திறந்திருந்தது. காத்துல விழுந்துச்சு. வேற யாரும் இல்ல!"

பெண் மெல்லத் தன் வலது உள்ளங்கையை விரித்தாள். அதில் ஒரு தழும்பு. கொதிக்கிற பால் கொட்டியது என்று சொல்லித்தான் அவளை வளர்த்திருந்தார்கள். படத்திலிருந்து அம்மா பார்த்தாள். சித்தி ஓடிவந்து அந்தக் கையை மடக்கி, தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டாள்.

"காத்துதான்டி... என் கண்ணால பார்த்தேன்."

பெண் அவள் மடியில் விழுந்து வாய்விட்டு அழுதாள். அழுகை அடங்கியதும், கடையில் வாங்கிய இளமஞ்சள் கல்லைச் சித்தியின் உள்ளங்கையில் வைத்தாள். "இது எனக்கில்லை. உனக்கு."

சாயங்காலம் கரண்ட் போயிற்று. யாரும் மெழுகுவத்தி தேடவில்லை. எங்கிருந்தோ மறுபடியும் அந்தப் புகை நெடி. சித்தியும் பெண்ணும் கையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"காத்துதான் அம்மா," என்றாள் பெண். "நீ சொன்னா சரி."

அந்த வீட்டில் அதுவரை அந்தப் படத்தை மட்டும்தான் அவள் அம்மா என்று கூப்பிட்டிருந்தாள்.