சிவப்புப் பட்டை கட்டிய கை

"உங்ககிட்ட வர எனக்கு இஷ்டமே இல்ல," என்றாள் அந்த நர்ஸ். வாசலைத் தாண்டி உள்ளே வந்தவள், காட்டிய நாற்காலியில் உட்காரவில்லை. "போன வருஷம் நீங்க எழுதின ரிப்போர்ட்டாலதான் என் தோழிக்கு வேலை போச்சு."

"அவங்க மருந்தை மாத்திக் கொடுத்துட்டாங்க. அதை எழுதினேன்," என்று அமைதியாகப் பதில் சொன்னார் வீட்டு அம்மாள்.

முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஆஸ்பத்திரிகளில் ஏதாவது தவறு நடந்தால் விசாரிக்கக் கூப்பிடுவார்கள். அவர் விசாரித்து எழுதியதை யாரும் மறுத்ததில்லை. அதனாலேயே எல்லா வார்டுகளிலும் அவருக்கு 'ரிப்போர்ட்டம்மா' என்று பெயர், பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிற பெயர். பக்கத்தில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தவர் அவருடைய கணவர். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவர் என்பதால் ஊரே அவரைக் 'கோர்ட்டார்' என்று அழைத்தது. மனைவி விசாரணைக்குக் கிளம்பினால் போதும், அவருக்குத் தூக்கம் வராது, அவ்வளவு ஆர்வம்.

"இஷ்டமில்லாம வந்திருக்கீங்கன்னா வேற வழி இல்லைன்னு அர்த்தம்," என்றார் ரிப்போர்ட்டம்மா. "சொல்லுங்க."

நர்ஸ் நின்றபடியே சொன்னாள். பேஷண்ட் ஒரு பஸ் டிரைவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் நடக்கிறது. நிரந்தர வழிக்காக ஆறு வாரம் முன்பு இடது மணிக்கட்டில் ஃபிஸ்டுலா செய்திருந்தார்கள்.

"அப்படீன்னா?" கோர்ட்டார் பென்சிலை நிறுத்தினார்.

"ரெண்டு ரத்தக் குழாயை இணைச்சுத் தைக்கிறது. தொட்டா உள்ள தேனீ ரீங்கரிக்கிற மாதிரி இருக்கும். அது நல்லா முதிர்ந்ததும் கழுத்துக் குழாயை எடுத்துட்டு அந்தக் கை வழியாவே டயாலிசிஸ் பண்ணலாம். அதுவரைக்கும் அந்தக் கையில ஊசி குத்தக் கூடாது, ரப்பர் பட்டை கட்டக் கூடாது, பிரஷர்கூடப் பாக்கக் கூடாது," என்றாள் நர்ஸ்.

முந்தின நாள் காலை ஆறரைக்கு டிரைவர் கடும் காய்ச்சலோடு வந்தார். கழுத்துக் குழாயில் கிருமி. ஜன்னலோரம் ஏழாம் படுக்கை. 'இந்தக் கையைத் தொடாதே' என்று எச்சரிக்கிற சிவப்புப் பட்டையில் பெயர், வயது, படுக்கை எண் எல்லாம் எழுதி இடது கையில் கட்டியது இவள்தான். ஆறு நாற்பதுக்கு வலது புறங்கையில் நீல நிறக் கேனுலா, அதாவது சின்ன ஊசி, போட்டு மருந்து ஏற்றினாள். காலை டூட்டியில் இன்சார்ஜ் சிஸ்டரும் இவளும் மட்டும். ஒன்பது மணிக்கு மூன்றாவது மாடியில் ஒருத்திக்கு நரம்பே கிடைக்கவில்லை என்று இவளைக் கூப்பிட்டார்கள். கிடைக்காத நரம்பையும் ஒரே குத்தில் பிடிப்பாள் என்பதால் வார்டில் அவளுக்கு 'ஒத்தைக்குத்து' என்று பட்டப்பெயர்.

"பதினோரு மணிக்குத் திரும்பி வந்தேன். ஜன்னல்ல மழைத்தண்ணி ஒழுகுதுன்னு ஒன்பதே காலுக்கு அவரைப் பன்னிரண்டாம் படுக்கைக்கு மாத்தியிருந்தாங்க. நடுவுல ஸ்கேனுக்கும் போய்ட்டு வந்திருக்கார். இடது முழங்கை மடிப்புல ரோஸ் நிறக் கேனுலா. கை வீங்கியிருக்கு. மணிக்கட்டைத் தொட்டுப் பாத்தேன், ரீங்காரம் இல்ல. சிவப்புப் பட்டை வலது கையில இருக்கு, நான் அங்க போட்ட நீல ஊசியைக் காணோம். கேஸ் ஷீட்ல, 'இடது கை, ரோஸ், ஆறு நாற்பது'ன்னு என் பேரு." இப்போதுதான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நாளைக்கு விசாரணை. கூட வேண்டியவங்களைக் கூட்டிட்டு வரலாமாம். நான் தோத்தா என் நர்ஸ் பதிவையே ரத்து பண்ணிடுவாங்க."

"ஸ்கேன் ரூம் ஆளுதான்," என்று கோர்ட்டார் நோட்டை மூடினார்.

"நோட்டைத் திறங்க. இன்னும் வீட்டை விட்டே கிளம்பல," என்றார் மனைவி.

வார்டு வாசலிலேயே இன்சார்ஜ் சிஸ்டர் எதிர்கொண்டார். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சீருடை. "இந்தத் தடவை யாரை வீட்டுக்கு அனுப்ப வந்திருக்கீங்க?" என்றார்.

"இன்னும் தெரியல. கைப்பட்டையை யாராவது மாத்திக் கட்டினாங்களா?"

"அதை வெட்டாம கழட்டவே முடியாது. அவ காலையில கட்டினது அப்படியே இருக்கு. தப்பான கையில கட்டிட்டா, அப்புறம் பட்டை இல்லாத கையிலதான குத்துவா?"

"ஸ்கேனுக்குக் கூடப் போனது யாரு?"

"அட்டெண்டர் தள்ளிட்டுப் போனார். எனக்கு வார்டுல ஆயிரம் வேலை."

பன்னிரண்டாம் படுக்கையில் டிரைவர் கண்ணை மூடிக் கிடந்தார். காய்ச்சல் வேகத்தில் நேற்றைய காலை எதுவும் அவருக்கு நினைவில்லை. அருகில் அவர் மனைவி, தையல்காரி, யாரும் நெருங்க முடியாதபடி நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க எல்லாரும் ஒரே கூட்டம்," என்றாள். "மணிக்கொருத்தரா வந்து பாத்துட்டு உதட்டைப் பிதுக்கிட்டுப் போறீங்க."

"இடது கையிலேர்ந்து எடுத்த ஊசி எங்கேம்மா?"

"நான்தான் எடுத்து வெச்சிருக்கேன். தர மாட்டேன்."

"தர வேண்டாம். உங்க கையிலேயே வெச்சுக் காட்டுங்க. நான் தொட மாட்டேன்."

சற்று யோசித்துவிட்டு அவள் மடியிலிருந்து ஒரு பவுடர் டப்பாவைத் திறந்தாள். ரோஸ் நிறக் கேனுலா, அதை ஒட்டியிருந்த பழுப்புப் பிளாஸ்திரியோடு கிடந்தது. "நெய்த துணி," என்றாள், தொழில்காரியின் பார்வையோடு.

வார்டு டிராலியில் இருந்தவை எல்லாம் கண்ணாடி போன்ற ஒட்டுத்தாள்கள்தான். ரிப்போர்ட்டம்மா டிரைவரின் வலது கையைப் பார்த்தார். மணிக்கட்டில் சிவப்புப் பட்டை. பெயர், வயது, படுக்கை எண் பன்னிரண்டு. புறங்கையில் ஒரு குத்திய புள்ளி. அதைச் சுற்றி, அழுக்குப் படிந்த பசைக் கறை, சதுரமாக. ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

ஸ்கேன் டெக்னீஷியன் கதவைப் பாதிதான் திறந்தார். "இங்கதான் எல்லாம் நடந்ததுன்னு எழுதிடாதீங்க. எனக்கும் குடும்பம் இருக்கு."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பேஷண்ட் எப்படிப் படுப்பாங்க?"

"மூளைக்குன்னா தலை முன்னாடி மெஷினுக்குள்ள போகும். நேத்து அவருக்கு எடுத்தது மாதிரி வயித்துக்கு எடுத்தா கால் முன்னாடி. படம் தெளிவா விழ ரத்தத்துல சாயம் வேகமா ஏத்தணும், அதனால கொஞ்சம் பெரிய ரோஸ் கேனுலாவாவது வேணும். நீலம் தாங்காது."

அலமாரியில் பழுப்புத் துணிப் பிளாஸ்திரிச் சுருள்கள் அடுக்கியிருந்தன. வெளியே வந்ததும் கோர்ட்டார், "நான் சொன்னேன்ல, இவன்தான்," என்றார்.

"ஊசி இங்க போட்டதுதான். ஆனா இவருக்கு வார்டு ஷீட் எப்படிக் கைக்கு வரும்?"

கோர்ட்டார் நோட்டில் தன் யூகத்தை அடித்துவிட்டுப் படி இறங்கினார்.

மறுநாள் பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். யாரும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. தையல்காரி மட்டும் உட்காராமல் கதவில் சாய்ந்து நின்றாள்.

"சீக்கிரம் முடிங்க," என்றார் கண்காணிப்பாளர். "ஷீட்ல இந்த நர்ஸ் பேருதான் இருக்கு."

"ஷீட்டையே எடுத்துக்குவோம்," என்றார் ரிப்போர்ட்டம்மா. "ஆறு நாற்பதுக்கு ரோஸ் கேனுலா போட்டதா இருக்கு. அப்ப தேவை மெதுவா ஏத்துற ஒரு மருந்துதான். அதுக்கு நீலம் போதும். ரோஸ் வேண்டியது ஸ்கேன் சாயத்துக்கு. ஸ்கேன் எடுக்கணும்னு டாக்டர் எழுதினதே ஒன்பது மணி ரவுண்ட்ஸ்ல. ரெண்டு மணி இருபது நிமிஷம் முன்னாடியே இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முதல்ல வலது கையில குத்திப் பாத்தா, கிடைக்கல. அப்புறம் பெரிய ஊசியா எடுத்து இடதுல போட்டா," என்றார் இன்சார்ஜ் சிஸ்டர்.

"கிடைக்காத ஊசி மேல யாரும் ஒட்டுத்தாள் ஒட்டிப் பத்திரப்படுத்த மாட்டாங்க. வலது புறங்கையில சதுரமா பசை இருக்கு. அங்க ஒரு நல்ல கேனுலா மணிக்கணக்கா இருந்திருக்கு. பின்னால யாரோ எடுத்துட்டாங்க. இடது கையில இருந்ததை ஒட்டினது துணிப் பிளாஸ்திரி. அது வார்டுல இல்ல, ஸ்கேன் ரூம்ல இருக்கு."

டெக்னீஷியன் எழுந்தே விட்டார். "நான் போடல."

"போடலைன்னு தெரியும். உக்காருங்க." அவர் இன்சார்ஜ் சிஸ்டர் பக்கம் திரும்பினார். "பட்டையை யாரும் மாத்தலைன்னு நீங்க சொன்னீங்க. என் வீட்டுக்காரர் எழுதி வெச்சிருக்கார்."

"ஆமா, மாத்தல."

"அந்தப் பட்டையில படுக்கை எண் பன்னிரண்டுன்னு இருக்கு. ஆறரை மணிக்கு அவர் ஏழாம் படுக்கையில இருந்தார். பன்னிரண்டுக்குப் போனது ஒன்பதே காலுக்கு. அப்ப இந்தப் பொண்ணு மூணாவது மாடியில. பதினோரு மணிக்கு வந்தப்ப பட்டை ஏற்கெனவே வலது கையில இருந்தது."

கண்காணிப்பாளர் ஷீட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"ஊசி போட்டவர் ஸ்கேன் ரூம்ல இருந்திருக்கணும். பட்டையும் ஷீட்டும் மாத்தினவர் வார்டுல இருந்திருக்கணும். அட்டெண்டருக்கு ஊசி போடத் தெரியாது. டெக்னீஷியனுக்கு வார்டு ஷீட் கிடைக்காது. ரெண்டு இடத்துலயும் நிக்க முடிஞ்சது ஒரே ஒருத்தரால."

கண்காணிப்பாளர் டெக்னீஷியனைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தபடி, "இன்சார்ஜ் சிஸ்டர்தான் கூட வந்தாங்க," என்றார்.

இன்சார்ஜ் சிஸ்டரின் முகம் மாறவில்லை. கைகள் மட்டும் சீருடையின் மடிப்பை அழுத்திக்கொண்டே இருந்தன.

"நீங்க வேணும்னு பண்ணல," என்றார் ரிப்போர்ட்டம்மா. "தலை முன்னாடி படுக்கிறவங்களுக்கு நீங்க நிக்கிற பக்கம் வலது கை வரும். இவர் கால் முன்னாடி படுத்திருந்தார். பழக்கத்துல பக்கத்துல இருந்த கையை எடுத்தீங்க. முழங்கை மடிப்பு மட்டும் வெளியே, மணிக்கட்டு போர்வைக்குள்ள. காய்ச்சல்ல பிரஷர் இறங்கியிருந்த ஆளு. ரப்பர் பட்டை இறுக்கினதும் புது ஃபிஸ்டுலா உறைஞ்சிடுச்சு. போர்வையை எடுத்தப்பதான் சிவப்புப் பட்டையைப் பாத்தீங்க."

"அவசரம்," என்றார் இன்சார்ஜ் சிஸ்டர். வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. "அடுத்த பேஷண்ட் வெளியே காத்திருந்தார்."

"அப்பவே சர்ஜனைக் கூப்பிட்டிருக்கலாம். கையை மாத்திக் குத்தினது தவறு, அவ்வளவுதான். வலது கை ஊசியை உருவி, பட்டையை வெட்டி, புதுசு எழுதி, ஷீட்டை மாத்தி எழுதினது தவறு இல்ல, குற்றம். ஏன் இவ பேரு?"

இன்சார்ஜ் சிஸ்டர் ஒத்தைக்குத்தை நேராகப் பார்த்தார். "இருபத்தாறு வருஷமா இந்த ஆஸ்பத்திரியில எல்லாரும் என்னைத்தான் தேடுவாங்க. இப்ப மூணாவது மாடியிலேர்ந்து போன் வந்தா உன்னை அனுப்பச் சொல்றாங்க. நான் எடுத்துப் பேசினாலும் உன்னைத்தான் கேக்கறாங்க."

கண்காணிப்பாளர் நர்ஸுக்கு எதிராக மேசையில் தயாராக இருந்த உத்தரவைக் கிழித்துவிட்டு, இன்சார்ஜ் சிஸ்டரிடம் சாவிக்கொத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

கதவருகே தையல்காரி வழி விடவில்லை. "உன் போட்டிக்கு என் வீட்டுக்காரர் கைதானா கிடைச்சுது?" என்றாள். இன்சார்ஜ் சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு சுவரோரமாக நழுவிப் போனார்.

காய்ச்சல் தணிந்திருந்ததால் அன்று மதியமே சர்ஜன் இடது கையைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்தார். ரீங்காரம் வந்தது, நின்றது, மறுபடி மெலிதாக வந்தது. நிலைக்குமா என்று ஒரு வாரம் பொறுத்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

சாயங்காலம் மருந்து ஏற்ற வலது கையில் புதிதாக ஊசி போட வேண்டியிருந்தது. ஒத்தைக்குத்து டிராலியோடு பன்னிரண்டாம் படுக்கைக்கு வந்தாள். தையல்காரி நாற்காலியை நகர்த்தவில்லை.

"உன் மேல தப்பில்லைன்னு சொல்லிட்டாங்க. அதுக்காக உன்னை நம்பணுமா? நீயும் இங்கதான வேலை பாக்கற?"

"நம்ப வேண்டாம்," என்றாள் நர்ஸ். "பக்கத்துல நின்னு பாருங்க. எந்தக் கைன்னு நீங்களே சொல்லுங்க, அப்புறம் தொடறேன்."

தையல்காரி கணவனின் இரண்டு கைகளையும் போர்வையிலிருந்து எடுத்து வெளியே வைத்தாள். கட்டுப் போட்ட இடது கையைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, வலது கையைத் தள்ளிக் கொடுத்தாள்.

"ஒரு தடவைதான் விடுவேன்," என்றாள்.

நர்ஸ் விரலால் நரம்பைத் தடவிப் பார்த்தாள். முதலில் தென்பட்டதை விட்டாள், அடுத்ததையும் விட்டாள். மூன்றாவதில் விரலை நிறுத்தி, தையல்காரியின் கண்ணெதிரே நீல நிற ஊசியைச் செலுத்தினாள். ஊசியின் பின்முனையில் ரத்தம் துளியாக எட்டிப் பார்த்தது.

தையல்காரி மூச்சை விட்டாள். நாற்காலியை அரை அடி பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, "மணி என்ன ஆச்சுன்னு சொல்லு," என்றாள். "நானும் எழுதி வெச்சுக்கறேன்."