நான்காவது கோடு

கம்ப்யூட்டரின் வைஃபைப் பட்டியலில் இரண்டு பெயர்கள்தான் வரவேண்டும். மூன்று வந்திருந்தன.

முதலாவது 'மாடிவீடு'. மாடியில் குடியிருக்கும் பஸ் டிரைவர், "தாராளமா யூஸ் பண்ணிக்கோங்க டீச்சர்" என்று பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். இரண்டாவது எதிர்ச்சாரி மருந்துக்கடை. மூன்றாவதைப் படித்ததும் அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

'முசுடு'. பக்கத்தில் ஒரே ஒரு சிக்னல் கோடு.

அது அவள் கணவரின் செல்போன். "சரியான முசுடுய்யா நீங்க" என்று அவள் ஒருநாள் திட்டப்போக, வீம்புக்கென்றே தன் ஹாட்ஸ்பாட்டுக்கு அந்தப் பெயரை வைத்த மனுஷன். நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். பதினொரு மாதத்துக்கு முன் ஏரியில் தவறி விழுந்தார். ஆறு நாள் தேடினார்கள். உடம்பும் கிடைக்கவில்லை, சட்டைப்பையில் இருந்த போனும் கிடைக்கவில்லை.

"என்னம்மா, லிஸ்ட் வந்துச்சா?" மடியில் கிடந்த பட்டன் போனில் மகள் கேட்டாள். வேற்று நாட்டு ஆஸ்பத்திரியில் ஒண்டியாகப் படுத்திருந்தாள். நம்மூர் நேரப்படி ஆறு மணிக்கு இதயத்தில் ஆபரேஷன்.

"வந்துச்சு கண்ணு." மூன்றாவது பெயரைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. இந்த நேரத்தில் பிள்ளையைப் பயமுறுத்துவானேன்?

"அப்பாடா! கம்ப்யூட்டர்ல ஊரெல்லாம் ஒண்ணு வெச்சிருந்தா அப்பா மட்டும் லினக்ஸைப் போட்டு நம்ம உயிரை வாங்கறார் பாரு." வைஃபையை எழுப்பும் கட்டளைகளைப் பிற்பகல் முழுக்க மகள் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, அம்மா ஒவ்வோர் எழுத்தாகத் தட்டியிருந்தாள். "அஞ்சே முக்காலுக்கு ஊசி போட்டுடுவாங்கம்மா. அதுக்குள்ள உன் மூஞ்சியப் பாத்துடணும். பாக்காம உள்ள போக மாட்டேன்." குரல் உடைந்தது. "நர்ஸ் வராங்க. நானே வீடியோல கூப்பிடறேன்."

போன் அடங்கியதும் வீடு மறுபடி காலியானது. ஐந்தரைதான், ஆனாலும் மழை ஜன்னலை இருட்டாக்கி வைத்திருந்தது. பதினொரு மாதம் போர்வைக்கடியில் கிடந்த கம்ப்யூட்டர் பெட்டி, உள்ளே சூடேறிய தூசியின் தீய்ந்த வாடையை ஊதிக்கொண்டு, தொண்டை அடைத்தவர்போல் உறுமிக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் இன்று அவளைத் தவிர சத்தம் போடுவது அது ஒன்றுதான்.

மாடிவீட்டை அழுத்தினாள். பாஸ்வேர்டு ஏற்றது. சந்தோஷப்படுவதற்குள் அறுந்தது. அறுந்ததும் கம்ப்யூட்டர் தானாக 'முசுடு'வைத் தேடிப் போனது. அவர் செய்து வைத்த ஏற்பாடு அது. "எது இருந்தாலும் முதல்ல என் போனைத்தான் புடிக்கும்" என்று பீற்றிக்கொள்வார். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, போனைப் பெட்டியின் தலையில் வைப்பார். அங்கேதான் சிக்னல் நிற்குமாம்.

'இணைக்கப்படவில்லை' என்றது திரை. ஆனால் இப்போது இரண்டு கோடுகள்.

யாரோ விளையாடுகிறார்கள். இல்லை, அவர் போனின் பாஸ்வேர்டு வேறு யாருக்குத் தெரியும்? மறுபடி மாடிவீடு. மறுபடி அறுந்தது. வெளியே காம்பவுண்டு கேட் கிறீச்சிட்டது. காற்றாக இருக்கும். காற்றேதான்.

மூன்று கோடுகள்.

மழைவாசனைக்குள் இன்னொரு வாடை கலந்து வந்தது. ஏரிப்பாசி. அவர் சீருடையைத் துவைக்கும்போதெல்லாம் அவள் கையில் ஒட்டிக்கொண்ட வாடை.

அமைப்புகளைத் திறந்து 'முசுடு'வின் மேல் அம்பை வைத்தாள். 'நீக்கு' என்றொரு பொத்தான். ஒரு தட்டு, அவ்வளவுதான். பட்டியலைப் பார்த்தாள். மாடிவீடு அதில் இல்லவே இல்லை. மருந்துக்கடையும் இல்லை. ஐந்து முப்பத்தொன்பது. இதையும் நீக்கிவிட்டால் பிள்ளை அம்மா முகத்தைப் பார்க்காமலே உள்ளே போவாள். திரும்பி வராமலே போனால்?

அதோடு இன்னொன்றும் இருந்தது. அவரிடமிருந்து இத்தனை மாதத்தில் வந்தது இந்தக் கோடுகள் மட்டும்தான்.

"அடப் பாவி மனுஷா," என்றாள். "உங்க பொண்ணுக்காக. வாங்க."

கையை எடுத்தாள்.

நடையில் செருப்பு. ஈரச் செருப்பு. சதக். சதக். கதவைப் பூட்டியிருந்தாள். பூட்டினாளா? பூட்டினாள்.

நான்கு கோடுகள். 'இணைக்கப்பட்டது.'

உடனே திரை மணியடித்தது. மகள். பச்சை உடை, காய்ந்த உதடு, அதற்குள்ளேயே ஊசி ஏறிய சொக்கல் கண்கள். படம் துளி நடுக்கமில்லாமல் இருந்தது.

"கண்ணு, பயப்படாதே. அம்மா இங்கதான் இருக்கேன். கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்."

மகள் பார்த்தாள். அம்மாவை. பிறகு, அம்மாவுக்குச் சற்று மேலே. முகம் மலர்ந்தது.

"ரெண்டு பேரையும் பாத்துட்டேன்," என்று குழறினாள். "போதும்மா."

படம் மறைந்தது. கோடுகள் மறையவில்லை.

அவள் திரும்பவில்லை. பிடரியில் சில்லென்று ஒரு துளி. இன்னொன்று. கண்ணை மட்டும் பெட்டியின் தலைக்கு நகர்த்தினாள்.

அவர் போன் அங்கே இருந்தது. அதன் திரைக்கண்ணாடிக்குள் பாதிவரை கலங்கிய தண்ணீர். அதை இன்னும் விடாமல் பிடித்திருந்தன ஊறி வெளுத்த ஐந்து விரல்கள். அந்தக் கை அவள் வலது தோளுக்கு மேலாக நீண்டு வந்திருந்தது.