உறையாத சாட்சி

செல்போன் அலறியது.

"துர்கா, எங்க இருக்குற?" ஆனந்தராஜின் குரல்.

"எங்க பீங்கான் யூனிட்டுலதான், சூளைகிட்ட. சொல்லுங்கண்ணே."

"அங்கயே இரு. போலீஸோட வரேன். தேவநாதனக் கொன்னது நீதான்!"

துர்கா சூளைக் கதவைச் சாத்தினாள்.

"வாங்க. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

ஆனந்தராஜும் தேவநாதனும் விருத்தாசலத்துக்காரர்கள். காஷ்மீர் ஏரி ஒன்றில் கூட்டாக இரண்டு சுற்றுலாப் படகுகள் விட்டவர்கள். துர்கா அவர்களுடைய மெக்கானிக். ஐப்பசியில் எஞ்சின்களைப் பனிக்குப் பத்திரப்படுத்திவிட்டு ஊர் வந்தவள், சித்திரை பிறந்தும் இன்னும் திரும்பவில்லை.

போன வாரம் தேவநாதன் ஏரியில் பிணமாக மிதந்தான்...

அரை மணியில் போலீஸ் ஜீப் வந்தது. பின்னால் லாரி. லாரியில் தேவநாதனின் படகு எஞ்சின்!

"பாருங்க மேடம்!" ஆனந்தராஜ் எஞ்சினின் மேல்பக்கத்தைக் காட்டினான். ஒரு சாண் விரிசல். "தண்ணிய வடிக்காம வுட்டுட்டு வந்துட்டா. பனியில உறைஞ்சு வெடிச்சிருக்குது. நடு ஏரியில எஞ்சின் நின்னு, தடுமாறி வுழுந்து செத்தான்!"

இன்ஸ்பெக்டர் அமுதவள்ளி வியர்வையைத் துடைத்தாள். "தண்ணி உறைஞ்சு இரும்பு வெடிக்குமா? இந்த ஊரு வெயில்ல சொன்னா யாரு நம்புவா?"

"வெடிக்கும் மேடம்," என்றாள் துர்கா. "ஆனா ஐஸு உள்ளேர்ந்து வெளிய தள்ளும். இது வெளியேர்ந்து உள்ள அமுங்கியிருக்குது. சுத்தியலடி!"

"லாரியில இடிச்சிருக்கும்! ஏறு ஜீப்புல!" ஆனந்தராஜ் கத்தினான்.

"ஏறுறேன். ரெண்டே நிமிஷம்."

"அவ பேச்சக் கேக்காதீங்க மேடம்!"

"ஏண்ணே பயப்படுறீங்க? நானா கொலைகாரி, நீங்களா?"

அமுதவள்ளி கையமர்த்தினாள். "செய்மா."

துர்கா ஒரு வெள்ளைப் பீங்கான் தொட்டியை எடுத்து வந்து எஞ்சினுக்கு அடியில் வைத்தாள். அதன் அடிப்பக்க வடிகுழாயைத் திறந்தாள்.

சொட்... சொட்... பிறகு கொட்டியது!

தொட்டி முழுக்க ரோஸ் கலர்!

"என்னம்மா இது?"

"பனியிலயும் உறையாத கூலன்ட்டு. தண்ணிய வடிச்சிட்டு நான் ஊத்தினது. எஞ்சின ஸ்டார்ட் பண்ணினா சூட்டத் தணிக்க ரெண்டே நிமிஷத்துல ஏரித் தண்ணி பூந்து இத வெளிய தள்ளிடும். விரிசலுக்குக் கீழ இருந்ததெல்லாம் அப்படியே இருக்குது பாருங்க. இந்த வருஷம் இந்த எஞ்சின் ஓடவே இல்ல மேடம்!"

ஆனந்தராஜின் முகம் வெளுத்தது.

"அப்ப படகு நடு ஏரிக்கு எப்படிப் போச்சு?" என்றாள் அமுதவள்ளி.

"இன்னொரு படகு இழுத்துட்டுப் போயிருக்கும். அதோட சாவி யாருகிட்டன்னு அண்ணனையே கேளுங்க."

"நான்... கொல்லணும்னு நெனக்கல மேடம்... தொழிலப் பிரிச்சிக்கலாம்னான். கோவத்துல தள்ளினேன்..."

விலங்கு க்ளிக்கென்றது.

துர்கா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கவலைப்படாதீங்கண்ணே! கடலூரு ஜெயிலு நல்லா கதகதன்னு இருக்குமாம். அங்க எந்த எஞ்சினும் உறைஞ்சு வெடிக்காது!"