காயாத மக்கு

எண்பது வருஷத்துப் பழைய ஜன்னல் மக்கு கல்லாக இறுகிப் போயிருக்க வேண்டும். கத்தியை வைத்துத் தட்டினால் காய்ந்த பிஸ்கட் மாதிரி உடைந்து தெறிக்க வேண்டும். இது கத்தியோடு வழுக்கிக்கொண்டு வந்தது. ஈயப் பட்டையின் ஓரத்தை மரக்குச்சியால் நெம்பி, உள்ளே கத்தி முனையை விட்டு இழுத்ததும், காதிலிருந்து அழுக்கு வருவது போலப் பழுப்பும் சாம்பலுமாக ஒரு விரல் நீளத்துக்கு உருண்டு வந்து கத்தி மேல் உட்கார்ந்தது. கையுறைக்கு மேலேயே அதன் சூடு தெரிந்தது.

“சீ” என்றாள் அவள். கேட்க ஆள் இல்லாததால் இன்னொரு முறை, சத்தமாகவே, “சீ” என்றாள்.

தெருவில் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர். வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்கிறவள். காகிதத்தில் படம் போட்டு, கோடு வகுத்து, துண்டு துண்டாகக் கண்ணாடியை அறுத்து, ஈயப் பட்டையில் கோத்து, மூட்டுகளைப் பற்றவைத்து, கடைசியில் ஈயத்தின் இரண்டு உதடுகளுக்கும் நடுவே மக்கைத் திணித்து அடைக்க வேண்டும். உதடு என்றுதான் பட்டறையில் சொல்வார்கள். சுண்ணாம்புத் தூளும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்ததுதான் மக்கு. அது இல்லாவிட்டால் ஜன்னல் காற்றில் லொடலொடவென்று ஆடும், மழையில் ஒழுகும்.

அன்றைக்கு அவள் பட்டறைப் பக்கமே போயிருக்கக் கூடாது. வயிற்றில் ஆறு மாதம். இதற்கு முன்னால் இரண்டு தடவை தங்கவில்லை. முதல் தடவை மூன்றாம் மாதம், அடுத்தது ஐந்தாம் மாதம். “ஈயம் பக்கமே போகாதீங்க. இந்தத் தடவை நாம ரிஸ்க் எடுக்க வேண்டாம்” என்று டாக்டரம்மா சொன்ன அன்றே, பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவன் பட்டறையைப் பூட்டிச் சாவியை ஒளித்து வைத்தான். ஒரு பொருளை ஒளித்து வைக்கும் சாமர்த்தியம் அவனுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. சாவி அவனுடைய பழைய ஷூவுக்குள் இருந்தது.

சும்மா உட்கார்ந்தால் அவளுக்குப் பயம் வந்துவிடும். கழிப்பறைக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் துணியைப் பார்க்கும் பயம். கையில் வேலை இருந்தால் அது மறக்கும். அதனால்தான் வீட்டுத் தரகர் ஜன்னலைத் தூக்கிக்கொண்டு வந்தபோது முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

“பழைய வீடு மேடம், விலைக்குப் போகுது. மாடிப்படி ஜன்னல் மட்டும் ஆடுது. மக்கை மாத்திக் குடுத்துட்டீங்கன்னா போதும். ஒரு வாரத்துல வந்து எடுத்துக்கறேன்.”

காலை பத்து முதல் மூன்று மணி வரை வேலை. ஐந்து மணிக்குக் கணவன் வருவதற்குள் குளித்து, துணி மாற்றி, நல்ல பிள்ளையாக உட்கார்ந்துவிட வேண்டும். இதுதான் அவள் போட்ட கணக்கு.

ஜன்னலில் பச்சை உடுத்திய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வரைந்தவனுக்குத் தொழில் தெரியும், புத்திதான் சரியில்லை என்று பார்த்ததுமே பட்டது. முகத்தின் குறுக்கே ஈயக் கோடு வராமல் ஒதுக்குவதுதான் இந்த வேலையின் பாலபாடம். இவனோ அத்தனை கோடுகளையும் அவள் வாயை நோக்கியே இழுத்திருந்தான். வாய் இறுக மூடியிருந்தது. கன்னங்கள் இரண்டும் எதையோ அடக்கி வைத்திருப்பது போல உப்பியிருந்தன. விழுங்கவும் மனசில்லாமல், துப்பவும் மனசில்லாமல் இருக்கிற முகம்.

வாடை வேறு. ஆளிவிதை எண்ணெய்க்கு ஒரு கசந்த வாசம் உண்டு, அது அவளுக்குப் பிடிக்கும். இந்த மக்கிலிருந்து வந்தது கைக்குழந்தையின் கழுத்து மடிப்பில் பால் ஒழுகித் தங்கி, துடைக்க மறந்து, இரண்டு நாள் புளித்தால் வருமே, அந்த வாடை. அதற்கடியில் ஈரத் துணியின் முடை நாற்றம். மசக்கை ஆறு மாதமாகியும் அவளை விடவில்லை, காலையில் குடித்த தண்ணீர்கூட வெளியே வந்துகொண்டிருந்தது. எல்லாம் மசக்கையின் வேலை என்று மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கீழ்ப்பாதி முழுவதையும் சுரண்டி ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் சேர்த்தாள். பிறகு புது மக்கைப் பிசைந்து திணிக்க ஆரம்பித்தாள்.

உள்ளுக்குள் வேறொரு கவலை அரித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாளாகக் குழந்தை அசையவில்லை. ஐந்தாம் மாதக் கடைசியிலிருந்து, மீன் திரும்புவது போலச் சாயங்காலமானால் ஒரு புரளல் இருக்கும். அது நின்று இரண்டு நாள். கணவனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் போன தடவை கேட்ட அதே வார்த்தை. கேட்காத வரைக்கும் அது நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

மக்கு பிடிக்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. விரலில் ஒட்டாமல் இருப்பதற்காகக் கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, ஈயத்தின் உதட்டோரம் ஒரே இழுப்பாக நீவுவார்கள். நீவுவது, நக்குவது, மறுபடி நீவுவது. விரலுக்குத் தடம் தெரிய வேண்டுமே என்று வலது கையுறையின் கட்டைவிரலை மட்டும் கத்தரித்து வைத்திருந்தாள். இரண்டு நாள் அசையாத வயிற்றை நினைத்துக்கொண்டே நீவினாள். எத்தனை தடவை விரல் வாய்க்குப் போனது என்று அவளுக்கே தெரியாது. இருபதோ முப்பதோ. நாக்கில் இனிப்புத் தட்டியபோதுதான் நின்றாள்.

புது மக்கு இனிக்காது. இது ஈயத்தின் உதட்டுக்குள் மிச்சமிருந்த பழசு. கொழகொழவென்று மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. குழாயடிக்கு ஓடி, விரலை விட்டு வழித்துத் துப்பினாள், வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினாள்.

அப்போது குழந்தை உதைத்தது.

புரளல் இல்லை, உதை. விலாவுக்குக் கீழே குதிகால் பட்டது நன்றாகத் தெரிந்தது. குழாயைத் திறந்துவிட்டபடியே தரையில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான்.

மறுநாள் காலையில் பட்டறையைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். முந்தின நாள் அவள் திணித்த புது மக்கு முழுவதும் வெளியே தள்ளப்பட்டு, மேஜை மேல் நூல் நூலாகக் கிடந்தது. ஈயத்தின் உதடுகளுக்குள் பழசு நிரம்பியிருந்தது. அவள் சுரண்டி எடுத்தது அத்தனையும், சுரண்டாதது போல. எண்ணெயை உறிஞ்சட்டும் என்று மேலே தூவியிருந்த சுண்ணாம்புத் தூள் ஈரத்தைக் குடித்து, மஞ்சள் பாய்ந்து, ஆறாத புண்ணின் பொருக்காகக் கட்டியிருந்தது. பெயின்ட் டப்பாவில் கால்வாசி இருந்தது இப்போது விளிம்பு வரை. மேலே பாலாடை மாதிரி ஒரு தோல். அந்தத் தோலில் மெல்லிய மயிர்.

தூரிகை மயிர் மக்கில் விழுவது வழக்கம்தான். ஒன்றைப் பிடித்து இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது. முழ நீளம் வந்தும் முடியவில்லை. கடைசியில் சின்னதாக ஒரு இழுபறி, பிறகு “சொத்” என்று அறுந்தது. நுனியில் வெள்ளை வேர்.

குமட்டியது. வாந்தி வரவில்லை. அப்போதுதான் உறைத்தது, முந்தின நாளிலிருந்தே அவள் வாந்தி எடுக்கவில்லை. இரவு இரண்டு தட்டு சாப்பிட்டிருக்கிறாள், கணவன்கூடக் கேலி செய்தான்.

எல்லாவற்றையும் மூட்டை கட்டித் தரகரைக் கூப்பிட்டிருக்கலாம். அந்தப் புத்தி வரத்தான் செய்தது. ஆனால் காலையிலிருந்து வயிறு மறுபடி கல்லாகக் கிடந்தது. கையை வைத்து அழுத்தினாள். பேசிப் பார்த்தாள். “கண்ணு, எந்திரிடா. அம்மாகிட்ட ஒரு உதை உதைடா.” ஒன்றுமில்லை. வாசலிலேயே நின்று டப்பாவைப் பார்த்தாள். அதன் தோல் மெல்ல ஏறி இறங்கியது.

நகத்தளவு. அவ்வளவுதான் எடுத்தாள். மயிரை ஒதுக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, நாக்கின் நடுவில் வைத்தாள். சூடு. இனிப்பு. பல்லிடுக்கில் ஏதோ நறநறத்தது. அது தானாகவே தொண்டைக்குள் இறங்கிற்று.

உதை.

அதற்கப்புறம் சொல்ல என்ன இருக்கிறது! மூன்றாம் நாள் ஒரு ஸ்பூன். நான்காம் நாள் மூன்று. அருவருப்பு குறையவே இல்லை, ஒவ்வொரு முறையும் தோள் வரை மயிர்க்கூச்செறிந்து உடம்பு உதறிப்போட்டது. ஒவ்வொரு முறையும் வாயைத் துடைத்துக்கொண்டு, இது என் வாய்க்காக இல்லை, என் வாய்க்காக இல்லை என்று சொல்லிக்கொண்டாள். குழந்தை புரண்டது, உதைத்தது, விக்கியது. கணவன் வயிற்றில் காதை வைத்து, “என்ன குஸ்தி போடுறானா?” என்று சிரித்தான். பிறகு முகத்தைச் சுளித்தான். “உன்கிட்ட ஒரு மாதிரி பால் வாடை அடிக்குது.”

“மாசம் ஏற ஏற அப்படித்தாங்க இருக்கும்” என்றாள்.

வாரம் முடிந்து தரகர் வந்தார். மக்கு மாற்றியாயிற்று என்று பொய் சொல்லி, இன்னும் காயவில்லை, இரண்டே நாள் பொறுங்கள் என்று கெஞ்சினாள். அவர் கேட்கவில்லை. விரலால் ஈயத்தைத் தட்டிப் பார்த்தார்.

“நல்லா இறுகிடுச்சே மேடம், கல்லு மாதிரி.”

அவளும் தொட்டாள். கல்லாகத்தான் இருந்தது. உதடுகள் காய்ந்து, சாம்பல் பூத்து, செத்துக் கிடந்தன. படத்துப் பெண்ணின் கன்னம் ஒட்டியிருந்தது போலத் தோன்றியது.

“அந்த வீட்டுல யார் இருந்தாங்க?”

“ஒரு அம்மாவும் பொண்ணும். கடைசி வரைக்கும் அடுப்பே எரிஞ்சதில்லைன்னு அக்கம்பக்கத்துல சொல்றாங்க. அந்தம்மா வெறும் குச்சி. பொண்ணு மட்டும் கதவுல நுழைய முடியாத அளவு குண்டாம்.” ஜன்னலைத் தூக்கிக்கொண்டே தரகர் சிரித்தார். “என்னத்தத் தின்னுச்சோ!”

டப்பாவில் மிச்சமிருந்தது இரண்டு நாள் வந்தது. மூன்றாம் நாள் தண்ணீர் ஊற்றி அலசிக் குடித்தாள். நான்காம் நாள் தகரத்தின் மடிப்பை நாக்கால் துழாவினாள், நாக்கு கிழிந்தது.

பிறகு ஒன்றுமில்லை.

வயிறு அசையவில்லை. ஒரு பகல். ஒரு இரவு. மறுநாள் மத்தியானம் வரை. அவள் சமையலறைத் தரையில் படுத்து, ஆஸ்பத்திரி, வேன், வெள்ளை விரிப்பு, அந்த வார்த்தை, எல்லாவற்றையும் வரிசையாக நினைத்துப் பார்த்து, சரி, சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தபோது, அசைந்தது.

எதுவும் கொடுக்காமலே, தானாகவே அசைந்தது!

அவளுக்கு உயிர் வந்தது. சனியன் விட்டது என்று நினைத்தாள். டப்பாவைக் குப்பையில் வீசினாள். பட்டறையைப் பூட்டிச் சாவியை ஷூவுக்குள் போட்டாள். பல்லைத் தேய்த்துத் தேய்த்து ஈறு கிழிந்தது. அன்றிலிருந்து தினமும், நாள் முழுக்க, குழந்தை அசைந்துகொண்டே இருந்தது. உதையாக இல்லை. இடுப்புக்குள் ஓரிடத்தில் மெல்லிய பிறாண்டல், ஒரே சீராக. சட்டைக் காலரில் உள்ள லேபிள் குத்துவது மாதிரி. வலி என்று சொல்ல முடியாது. அவள் மெலிந்துகொண்டு வந்தாள். மோதிரம் கழன்று சிங்க் குழியில் விழுந்தது. வயிறு மட்டும் வளர்ந்தது.

பத்து நாள் கழித்து ஸ்கேன். கணவன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். டாக்டரம்மா குளிர்ந்த ஜெல்லைத் தடவிக் கருவியை உருட்டினாள். இதயத் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. கணவனின் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

“சூப்பரா இருக்கு. மாசத்துக்கு மீறின வெயிட்” என்றாள் டாக்டரம்மா. “நீங்கதான் இளைச்சுட்டீங்க. பாருங்க, கை தெரியுதா? விரல் சூப்புது.”

“ஏய், பாரேன்! விரல் சூப்புது!” அவன் திரைப் பக்கம் குனிந்தான்.

அவள் பார்த்தாள்.

சாம்பல் நிறத் திரையில் அவள் குழந்தை. உருண்டை முகம். உப்பிய கன்னம். சூப்பவில்லை. சூப்புகிற கை அப்படிப் போகாது, தொழில் செய்கிற கைதான் அப்படிப் போகும். விரல் வாயிலிருந்து வெளியே வந்தது. கருப்பையின் சுவரை மெதுவாகத் தடவியது. ஒரு விளிம்பைக் கண்டுபிடித்தது. நகத்தை உள்ளே விட்டது.

ஒரே இழுப்பு.

இடுப்புக்குள் பிறாண்டியது.

விரல் நுனியில் ஏதோ சுருண்டு வந்தது, மெல்லியதாக, அவளிலிருந்து. விரல் வாய்க்குப் போனது. வாய் மூடியது. கன்னம் அசைந்தது.

“சாப்பிடப் பழகுதுங்க” என்று சிரித்தாள் டாக்டரம்மா.

கணவனும் சிரித்தான். விரல் வாயிலிருந்து வெளியே வந்து, சுவரில் அடுத்த இடத்தைத் தேடிப் போனது.