ஒரு கை... இரண்டு டோக்கன்!

இதில் வரும் ஒவ்வோர் எழுத்தும் உண்மை. தலையில் அடித்துச் சத்தியம்! யார் தலை என்று மட்டும் கேட்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை. மாலை நாலு ஐம்பத்தெட்டு.

வனப் பூங்காவின் வாசல் அறையில் போன் அலறியது!

டோக்கன் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் எடுத்தார். ஒன்பது வருடமாக, ஒரு நாளைக்குப் பதினேழு முறை, ஒலிபெருக்கியில் எச்சரிக்கை படிப்பவர். வீட்டில் வைத்த பெயர் அவருக்கே மறந்துவிட்டது. ஊருக்கெல்லாம் அவர் 'மைக்'.

"மைக் அண்ணே!" மறுமுனையில் நெட்டை. காவல் கோபுரத்து வாட்சர், கையில் பைனாகுலர். மூச்சு இரைத்தது. "மூணாவது வளைவுல... மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்... ஒரு செருப்பு கிடக்கு!"

"போட்டுப் பாரு. உன் சைஸா இருக்கப் போகுது."

"விளையாடாதீங்கண்ணே! பொம்பளை செருப்பு! ஒத்தைச் செருப்பு! பக்கத்துலேயே கரடியோட கால்தடம்... புதுசு!"



மைக் திரும்பிச் சுவரைப் பார்த்தார். ஆணிப் பலகை. இன்று உள்ளே போனவர்கள் நாற்பத்தொரு பேர். நாற்பத்தொரு பித்தளை டோக்கனும் திரும்பி வந்து, சமர்த்தாகத் தொங்கின.

"எல்லாரும் வெளியே வந்தாச்சுடா. பலகை நிறைஞ்சிருக்கு."

"அப்ப செருப்பு மட்டும் தனியா டிக்கெட் எடுத்துட்டு வந்துச்சா?"

மைக் போனோடு பலகையை நெருங்கினார். அவர் கண் இருபத்தாறாம் ஆணியிலும் இருபத்தேழாம் ஆணியிலும் மாட்டிக்கொண்டு நின்றது.

அந்த இரண்டு டோக்கனையும் நீட்டியது...

ஒரே கை!

காலையில் வந்த ஜோடி. கணவன் ஆறடி. முழங்காலைத் தொடும் பச்சை மழைக்கோட்டு. அவன் தோளுக்கும் எட்டாத மனைவி. அவள் கையில் ஒரு குட்டி நோட்டு.

மைக் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு முழங்கினார். எல்லாம் மனப்பாடம்.

"தின்பண்டம் கொண்டு செல்லாதீர்கள். மஞ்சள் கோட்டைத் தாண்டாதீர்கள். கரடியைக் கண்டால் ஓடாதீர்கள். மரத்தில் ஏறாதீர்கள், கரடியும் ஏறும். யாரையும் தனியே விட்டு வராதீர்கள். ஐந்து மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள்."

"மஞ்சள் கோட்டையா? எந்த ராஜா சார் கட்டினது?" கணவன் கெக்கலித்தான்.

"கொஞ்சம் மெதுவா சொல்லுங்க சார்," என்றாள் மனைவி. "எழுதிக்கிறேன்."

ஒன்பது வருடத்தில் முதல் முறை! மைக்குக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்காகத் தனியாக இன்னொரு தடவை, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"என்ன, பரீட்சையா எழுதப் போறே? வாடி!" கணவன் அவளைத் தள்ளிக்கொண்டு போனான்.

மாலை நாலரை. தூறல். மைக் கண்ணை மூடி முழங்கிக்கொண்டிருந்தபோது கண்ணாடியில் 'டொக்... டொக்...'

ஒற்றைக் கண்ணைத் திறந்தார். பச்சை மழைக்கோட்டு. மூக்கு வரை இழுத்துவிட்ட தொப்பி. ஈரக்கை ஒன்று இரண்டு டோக்கனைத் தள்ளியது. பேச்சில்லை. கோட்டின் விளிம்பு வாசல் சேற்றைப் பெருக்கிக்கொண்டே நீலக் காரை நோக்கிப் போனது.

'அவங்க எங்கே?' என்று கேட்டிருக்க வேண்டும்.

கேட்கவில்லை!

ஜன்னலுக்கு மேலே அவரே எழுதி ஒட்டிய அட்டை அவரை முறைத்தது: 'ஆளுக்கு ஒரு டோக்கன். அவரவர் கையால்.'

"படுபாவி!" மைக் போனுக்குள் கத்தினார். "பொண்டாட்டியை உள்ளே விட்டுட்டு அவ டோக்கனையும் சேர்த்துக் குடுத்துட்டுப் போயிட்டான்டா! பலகை நிறைஞ்சா நாம தேட மாட்டோம்ல?"

"அண்ணே... இருட்ட அரை மணிதான் இருக்கு..."

"ஜீப்பை எடுத்துட்டு வாடா! நீலக் காரை மறிக்கச் சொல்லி செக்போஸ்ட்டுக்கு நான் பேசிக்கிறேன்!"

ஜீப் சேற்றில் வழுக்கியது. மைக் உட்கார முடியாமல் நின்றார். நிற்க முடியாமல் உட்கார்ந்தார்.

"மேலதிகாரி கேட்டா என்னண்ணே சொல்வீங்க?"

"கண்ணை மூடிட்டிருந்தேன்னு சொல்வேன். வேலை போனா போகட்டும். என் பேச்சை எழுதிக்கிட்ட பொண்ணுடா அது! மிதிடா!"

மூணாவது வளைவு.

மஞ்சள் கோடு. செருப்பு. அதைத் தாண்டி ஒரு புதர்... ஒரு பாறை... ஒரு மரம்...

ஜீப் சத்தம் கேட்டதும் மரத்தின் உச்சியிலிருந்து ஓர் அலறல்!

"காப்பாத்துங்க! ஐயோ, காப்பாத்துங்க!"

நெட்டை பிரேக்கை மிதித்தான். "அண்ணே... பொம்பளை குரல் இவ்வளவு கட்டையாவா இருக்கும்?"

மைக் அண்ணாந்து பார்த்தார். உறைந்தார்.

கிளையைக் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது... ஆறடிக் கணவன்!

கீழே கரடி. மரம் ஏற அதற்கு நேரமில்லை. கிழிந்த பை ஒன்றின் மேல் உட்கார்ந்து, தேன் பாட்டிலுக்குள் நாக்கை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது.

நெட்டை ஹாரனை விடாமல் அழுத்தினான். கரடி சலித்துக்கொண்டு எழுந்து, பாட்டிலோடு புதருக்குள் போனது.

கணவன் பழுத்த பழம்போல் பொத்தென்று விழுந்தான்.

"என் பையில எவனோ தேன் பாட்டிலைத் திறந்து வெச்சிருக்கான் சார்!"

"மழைக்கோட்டு எங்கய்யா?"

"போட்டோவுல பச்சையோட பச்சையா மறைஞ்சிடும், கழட்டுங்கன்னு என் பொண்டாட்டிதான் சொன்னா. டோக்கன் ரெண்டும் அதுலதான். மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னா படம் நல்லா விழும்னா. கரடி வந்ததும் 'ஓடுங்க, மரத்துல ஏறுங்க'ன்னு கத்தினா... அப்புறம் ஆளையே காணோம். பாவம் சார், பயந்திருப்பா!"

மைக்கின் மண்டைக்குள் மின்னல்!

காலையில் முழங்காலைத் தொட்ட கோட்டு... மாலையில் ஏன் சேற்றைப் பெருக்கியது?

ஜீப்பின் வயர்லெஸ் கரகரத்தது. செக்போஸ்ட் இன்ஸ்பெக்டர்.

"நீலக் காரைப் பிடிச்சாச்சு. ஓட்டிட்டு வந்தது ஒரு அம்மா. ஒரு கால்ல செருப்பு இல்லை. மடியில ஒரு நோட்டு. படிக்கிறேன், கேளுங்க. 'தின்பண்டம்: அவர் பையில் தேன். மஞ்சள் கோடு: போட்டோ என்று சொல்லவும். ஓடக்கூடாது: ஓடச் சொல்லவும். மரம்: ஏறச் சொல்லவும். தனியே விடக்கூடாது: விடவும். ஐந்து மணி: நான் மட்டும்.' அடியில 'நன்றி, டோக்கன் கவுண்ட்டர் சார்'னு போட்டிருக்கு. யாருய்யா அது?"

மைக் வயர்லெஸைக் கையில் எடுத்தார்.

"இருங்க, அந்தம்மா ஏதோ பேசணுமாம்."

மெல்லிய குரல். பதற்றமே இல்லை.

"சார்... பதினோரு வருஷமா நான் சொன்ன ஒண்ணைக்கூட அவர் கேட்டதில்லை. நீங்க சொன்னதைக் கேட்டிருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. அவர் காதுல விழற மாதிரிதானே ரெண்டு தடவை சொல்ல வெச்சேன்? அப்புறம்... வார் அறுந்த செருப்பு கிடைச்சுதா?"

மைக் ஜீப் படியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஒன்பது வருஷம்டா நெட்டை! என் பேச்சை ஒரு வரி விடாம கேட்ட ஒரே ஆளு... கொலை பண்றதுக்குக் கேட்டிருக்கு!"

எல்லாம் நடந்தது நடந்தபடிதான். ஒரு சின்ன விஷயம் மட்டும் விட்டுப்போயிற்று.

அந்தப் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை.